கனடா சிட்டிசன்ஷிப்: பி.ஆர். கார்டோடு நிற்கலாமா?

[திரையில்: பி.ஆர். கார்டு ஒன்று, பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டு]

வணக்கம். "அதான் பி.ஆர். இருக்கே, சிட்டிசன்ஷிப் எதுக்கு?" கனடாவில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பதில் தப்பில்லை. பி.ஆர். என்றால் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி. அது இருந்தால் வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், ஹெல்த் கார்டு உண்டு. ஓட்டுதான் இல்லை. அதற்காக அறுநூறு டாலருக்கு மேல் கட்டணம் கட்ட வேண்டுமா?

கட்டலாம் என்பது என் கட்சி. பி.ஆர். என்பது நிபந்தனையோடு கொடுத்த அனுமதி. ஐந்து வருடத்தில் 730 நாளாவது கனடாவில் இருந்தாக வேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போய் மூன்று வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் சிக்கல். குற்ற வழக்கில் ஆறு மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை விழுந்தால், முப்பது வருடம் இங்கேயே வாழ்ந்தவரையும் நாடு கடத்த சட்டத்தில் இடம் இருக்கிறது.

அகதியாக வந்து பி.ஆர். ஆனவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எந்த நாட்டில் ஆபத்து என்று சொல்லிப் பாதுகாப்புக் கேட்டீர்களோ, அதே நாட்டின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அதிலேயே அங்கே போய்வந்தால், "இவருக்கு இனி எங்கள் பாதுகாப்பு தேவையில்லை" என்று அரசு அகதிகள் வாரியத்திடம் போகலாம். 2012 டிசம்பருக்கு முன்பு, அப்படித் தீர்ப்பு வந்தாலும் பி.ஆர். கையில் இருக்கும். அதற்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. இப்படி நாமே போய்வந்ததால் அகதி நிலை போனால், பி.ஆரும் சேர்ந்தே போகும். தங்கை கல்யாணம், பாட்டி சாவு என்று காரணம் சொல்லலாம், கேட்பார்கள். ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. சிட்டிசன் ஆனவருக்கு இந்த வழக்கே கிடையாது. அதனால் முதலில் சிட்டிசன்ஷிப், அப்புறம் ஊர்ப் பயணம்.

[திரையில்: 1,095]

சரி, எப்போது விண்ணப்பிக்கலாம்? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். ஆன பிறகு இருந்த ஒரு நாள் ஒரு நாள்தான். அதற்கு முன்பு மாணவராகவோ வொர்க் பெர்மிட்டிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள். எவ்வளவு இருந்தாலும் 365-க்கு மேல் சேராது. அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் பொதுவாகக் கணக்கில் வராது, கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் அரை நாள் கணக்கு.

ஒருவர் மாணவராக வந்து, 730 நாள் எங்கும் போகாமல் இருந்து, பி.ஆர். வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரை நாள் கணக்கில் 365 சேர்ந்துவிட்டது. மீதி 730. ஆக, பி.ஆர். ஆகி இரண்டு வருடத்தில் தகுதி வந்துவிடும். இடையில் 40 நாள் மதுரைக்குப் போய்வந்தால் தேதி 40 நாள் தள்ளிப்போகும். அதே 40 நாளை மாணவராக இருந்தபோது எடுத்திருந்தால் நஷ்டம் 20 நாள்தான். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாளாகவே கணக்கு.

நாள் கணக்கிட அரசு இணையதளத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. சரியாக 1,095 வந்ததும் அனுப்பிவிடாதீர்கள். ஒரு பயணத் தேதி மறந்துபோய் 1,094 ஆகிவிட்டால் விண்ணப்பம் தேறாது. ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக இருக்கட்டும். அப்புறம், அந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும், சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியவராக இருந்தால்.

18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு தடைகள்: மொழி (ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு), கனடாவைப் பற்றிய தேர்வு. 55 தாண்டிய அம்மா அப்பாவுக்கு இரண்டுமே இல்லை. மொழிக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பள்ளி அல்லது கல்லூரிச் சான்றே போதும், இந்தியாவில் படித்ததாக இருந்தாலும். தேர்வில் 20 கேள்விகள், 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் பாஸ். எல்லாம் அரசு இலவசமாகத் தரும் ஒரே புத்தகத்திலிருந்துதான் வரும். 1867-இல் கனடா உருவானபோது இருந்த நான்கு மாகாணங்கள் எவை, நாட்டின் தலைவர் யார், அரசின் தலைவர் யார், இந்த மாதிரி. கடைசியில் சொன்ன இரண்டில்தான் குழப்பம் வரும்: நாட்டின் தலைவர் மன்னர், அரசின் தலைவர் பிரதமர்.

[திரையில்: கத்தரிக்கோல்]

கடைசிக் கட்டம் உறுதிமொழி. மன்னர் மூன்றாம் சார்ல்ஸுக்கு விசுவாசம் சொல்ல வேண்டும்; 2021-இலிருந்து பழங்குடி மக்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் வாசகமும் அதில் உண்டு. விழா ஆன்லைனில் நடந்தால் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கேமராவுக்கு முன்னால் உங்கள் பி.ஆர். கார்டை நீங்களே வெட்ட வேண்டும். இத்தனை வருடம் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்ததை வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

வெட்டிய பிறகு ஒரு இடைவெளி இருக்கிறது. பி.ஆர். கார்டு போய்விட்டது, கனடா பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. இந்தியராக இருந்தவருக்கு அன்றே இந்தியக் குடியுரிமையும் முடிந்துவிடும், பழைய பாஸ்போர்ட்டில் பறப்பது குற்றம். அந்த வாரங்களில் டிக்கெட் போடாதீர்கள்.

இரட்டைக் குடியுரிமையைக் கனடா 1977-இலிருந்து தடுப்பதில்லை. முடிவு பிறந்த நாட்டின் கையில். இந்தியா அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு ஓசிஐ கார்டுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். ஆயுள் முழுக்க விசா இல்லாமல் போய்வரலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தாத்தாவின் வயல் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இலங்கையில் வேறு மாதிரி. இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை போய்விடும், ஆனால் விண்ணப்பித்துத் திரும்பப் பெற்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். எம்.பி. ஆகும் ஆசை இருந்தால் மட்டும் யோசியுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் எம்.பி. ஆவதை 2015-இல் இலங்கை அரசியல் சாசனத்தின் 19-ஆவது திருத்தம் தடுத்தது, 2020-இல் 20-ஆவது திறந்துவிட்டது, 2022-இல் 21-ஆவது மறுபடியும் பூட்டிவிட்டது.