பூத்துளைப்பானும் கிளுவை வேலியும்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, இருக்கிற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பக்கத்து மண்டபத்தில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்ட நூலகர் தம்பி, வட்டச் செயலாளர், முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம். பேராசிரியர் ஐயாவிடம் தாவரவியல் படித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர். அவர் முன்னால் நான் பூவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். பொறுத்தருள வேண்டும். அம்மா போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. அடுத்த முறை அந்தக் காசில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். யாரைப் பார்த்துச் சொல்வது வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். மேடையில் அம்மா இருக்கிறார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் சொல்ல வந்தது ஒரு பறவையை. மெக்சிகோ மலைகளில் தொடங்கி, கோஸ்ட்டா ரிக்கா, பனாமா வழியாக, ஆண்டீஸ் மலைத்தொடர் நெடுக வட அர்ஜென்டினா வரை இருக்கிற ஃபிளவர்பியர்சர். பூத்துளைப்பான் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். சுமார் 18 இனங்கள். வெனிசுவேலாவிலும் அதை ஒட்டியும் இருக்கிற, உச்சி தட்டையான மேசை மலைகளில் மட்டுமே வாழ்கிறவையும் உண்டு. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: அதன் அலகு, அதனால் பூவுக்கு லாபமா நட்டமா, அப்புறம் அதன் பாட்டும் அது கட்டுகிற கூடும்.

முதலில் அலகு. மேல் அலகின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். அந்தக் கொக்கியை நீண்ட குழல் பூவின்மேல் மாட்டி, பூ நழுவாமல் பிடித்துக்கொள்ளும். கீழ் அலகு குட்டை, கூர்மை. அது பூவின் அடிப்பக்கத்தில் குத்தி ஓட்டை போடும். ஓட்டை வழியாக நாக்கு போய் தேனை எடுத்து வந்துவிடும். மகரந்தம் இருப்பது பூவின் வாய்ப்பக்கம். இவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. மகரந்தம் சுமக்கிற கூலிக்காகப் பூ வைத்திருக்கும் தேன், வேலை செய்யாதவர் வயிற்றுக்குப் போகிறது. தேன் எடுத்தவனாவது மரம் ஏறினான், கொட்டு வாங்கினான், புறங்கையை நக்கினான். இவர் நக்க மட்டும் வருகிறவர்.

மெக்சிகோவில் ஒரு சோதனை செய்தார்கள், 2003-ல் வெளியானது. அந்தக் கொக்கி நுனியை மட்டும் நறுக்கிவிட்டார்கள். நம் நகம்போல அது திரும்ப வளர்ந்துவிடும், பிள்ளைகள் பயப்பட வேண்டாம். கொக்கி போனதும் பறவை பூவில் தேன் திருடத் தடுமாறியது. ஆனால் பழம் தின்பதில் முன்பைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டது! திருட்டுக்காகச் செய்த கருவி, சாப்பாட்டுத் தட்டில் இடைஞ்சலாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. தேன் குடிக்க அதே மலைகளுக்கு ஹம்மிங் பறவைகளும் வருகின்றன. அவற்றின் மூக்குத் துளைக்குள் பயணிகள் உண்டு. ஆமாம், மூக்குக்குள்! கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூ உண்ணிகள். பூவுக்குள்ளேயே தேன் குடித்து, கல்யாணம் முடித்து, பிள்ளை குட்டி பெறுகிற ஜீவன்கள். பூ வாடப்போகிறது என்றால் வீடு மாற வேண்டும். அதற்குப் பறவைதான் டவுன் பஸ். பஸ் நிற்பதோ சில விநாடிகள். அதற்குள் அலகின்மேல் ஏறி ஓடி மூக்குக்குள் புகுந்துவிட வேண்டும். உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் சிறுத்தைக்கு ஈடான ஓட்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உள்ளே போனதும் சும்மா இருக்க முடியாது. பறவை ஒவ்வொரு பூவாக நிற்கும்போதும் வாசனை பிடித்து, நம் பூ வந்துவிட்டதா என்று பார்த்து இறங்க வேண்டும். ஸ்டாப்பைத் தவறவிட்டு வேறு பூவில் இறங்கினால் பெண் கிடைக்காது, வம்சம் அதோடு சரி. நடத்துநர் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை. ராபர்ட் கோல்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோஸ்ட்டா ரிக்காவின் உயர்ந்த மலைகளில் இந்த உண்ணிகள், ஹம்மிங் பறவைகள், பூத்துளைப்பான் எல்லாவற்றையும் ஒரே குடித்தனமாகப் பார்த்து 1973-ல் எழுதினார். பூத்துளைப்பான் போட்டுவிட்டுப் போன ஓட்டையில் ஹம்மிங் பறவையும் வந்து அலகு வைக்கும். அதுவும் புறங்கையை நக்குகிற கூட்டம்தான்.

சரி, லாபமா நட்டமா? பூவுக்குப் பூ மாறும். பெரு நாட்டில் ஒரு புல்லுருவிச் செடிக்குப் பூத்துளைப்பானே மகரந்தம் சுமக்கிறது என்று 1982-ல் எழுதியிருக்கிறார்கள். அதை விரித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் பேராசிரியர் ஐயா மணியைப் பார்க்கிறார். அதனால் எனக்கு முக்கியமான வேலி விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கோஸ்ட்டா ரிக்காவில் இருக்கும் சாம்பல் நிறப் பூத்துளைப்பான் அடர்காட்டைவிடக் காட்டோரப் புதரிலும் மேய்ச்சல் நிலத்துச் செடிகளிலும் தோட்டத்து வேலியிலும் நன்றாகவே பிழைக்கிறது. பத்து கிராம்கூட இல்லாத அந்தப் பறவைக்கு வேண்டியது பூக்கிற புதர். அதே நாட்டுத் தாழ்நிலங்களில் மாட்டுப் பண்ணைக்கு கிளைரிசிடியா மரத்தின் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றித்தான் வேலி போடுவார்கள். நம் தோட்டத்து ஓரத்தில் தழையுரத்துக்கு நிற்கிறதே, அதே கிளைரிசிடியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

நாம் என்ன செய்கிறோம்? இந்த ஊரைச் சுற்றிக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் முழுக்க, கிளுவை முள்செடியால் ஆன உயிர்வேலி இருந்தது. அதன்மேல் கோவைக்கொடி, வேலிப்பருத்தி, அடியில் பிரண்டை, உள்ளே கதிர்க்குருவி, கவுதாரி. இப்போது ஜேசிபி வந்து ஒரே காலையில் வழித்துவிட்டுப் போகிறது. மறுநாள் கல்தூணும் முள்கம்பியும். செம்பருத்தியின் அடியில் ஓட்டை போட்டுத் தேன் குடிக்கிற நம் தேன்சிட்டு கம்பியில் எதைக் குத்தும்?

நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பூங்காவுக்குக் கம்பிவேலி போட டெண்டர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். வடக்குப் பக்கம் ஒன்றையாவது கிளுவைக்கு விட்டுவிடுங்கள். போத்து வெட்டித் தர எங்களிடம் ஆள் இருக்கிறது. நட்டு, ஆடு கடிக்காமல் முதல் வருடம் பார்த்துக்கொள்வது வாசகர் வட்டத்தின் பொறுப்பு. மழை பிடித்ததும் வேலையைத் தொடங்கலாம். வருகிறவர்கள் போகும்போது செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பாட்டும் கூடும் பற்றிச் சொல்கிறேன் என்றேன், நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. நன்றி, வணக்கம்.