ஃபேஸ்லிஃப்ட்: தோலுக்கு அடியில் நடக்கும் வேலை

[காட்சி: கன்னத்தைக் காதுப் பக்கம் இழுக்கும் விரல்கள்]

கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் பின்னுக்கு இழுத்து, "இந்த அளவு மாறினால் போதும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். விரல் இழுப்பது தோலை. நல்ல ஃபேஸ்லிஃப்டில், அதாவது தொய்ந்த முகத்தைத் தூக்கி நிறுத்தும் அறுவையில், பளுவைத் தாங்குவதோ தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கு. எந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், "இழுவிசையை எது தாங்குகிறது?" என்று கேளுங்கள். விளம்பரப் பெயர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

[காட்சி: கன்னத்தின் குறுக்குவெட்டு]

மேலே தோல். அதன் கீழ் கொழுப்பு. மூன்றாவதாக, நார்த்திசுவும் மெல்லிய தசையும் கலந்த ஒரு படலம். இதைத்தான் மருத்துவர்கள் ஸ்மாஸ் என்கிறார்கள். மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் 1976-இல் இதை விவரித்தார்கள். கழுத்தில் இதன் தொடர்ச்சிதான் பிளாட்டிஸ்மா தசை. ஸ்மாஸுக்கும் அடியில் ஓர் ஆழமான உறை உண்டு. கன்னத்தின் பக்கவாட்டில், முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அந்த உறைக்குக் கீழே ஓடுகின்றன. முன்பக்கம் போகப்போக அவை மேலேறி வரும். ஆபத்து அங்கேதான்.

இந்த அடுக்குகளை ஆங்காங்கே இழுத்துப் பிடித்திருப்பவை தாங்கு நார்கள். கன்ன எலும்பில் ஒரு தொகுதி, மெல்லும் தசையின் முன்னோரத்தில் ஒன்று, தாடையின் முன்பகுதியில் இன்னொன்று. வயதாகும்போது கொழுப்பு வற்றுகிறது, இறங்குகிறது. தாடை நார் பிடித்திருக்கும் இடத்துக்குப் பின்னால் சதை தேங்கித் தொங்குகிறது. தாடைக் கோடு உடைந்து தெரிவதற்குக் காரணம் இதுதான்.

தொடக்க கால அறுவைகளில் தோலை மட்டும் பிரித்து, இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைத்தார்கள். மெத்தை சரிந்திருக்கும்போது மேல்விரிப்பை மட்டும் இழுத்துச் செருகுவது போன்ற வேலை அது. தோல் இயல்பாகவே நீளக்கூடியது, மாதங்களில் தளர்ந்துவிடும். இறுக்கித் தைத்தால் தழும்பு அகலமாகும், காதுமடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும், வாயோரம் பக்கவாட்டில் இழுத்த தோற்றம் வரும். "ஆபரேஷன் செய்த முகம்" என்று பார்த்தவுடன் தெரிவது பெரும்பாலும் இந்த இழுப்பால்.

[காட்சி: ஸ்மாஸ் அடுக்கின் மேல் தையல்கள்]

ஸ்மாஸைக் கையாளும் வழிகள் பல. எளியது, அதை வெட்டாமல் மடித்துத் தைப்பது. 2002-இல் டொனார்ட், வெர்பேலே என்ற அறுவை மருத்துவர்கள் இருவரும் வெளியிட்ட மாக்ஸ் லிஃப்ட் இந்த வகையின் நெருங்கிய உறவு: காதின் முன்புறம் மட்டும் குறுகிய கீறல், ஸ்மாஸில் வட்டமாகச் செல்லும் தையல்கள், செங்குத்தான இழுப்பு. தொய்வு மிதமாக இருந்து, கழுத்துத் தோல் அதிகம் தளராதவர்களுக்குப் பொருந்தும். இன்னொரு வழியில் ஸ்மாஸிலிருந்து சாய்வான ஒரு பட்டையை வெட்டியெடுத்து இரு விளிம்புகளையும் சேர்ப்பார்கள். அடுத்த படியில், ஸ்மாஸைத் தனி மடலாக (ஒரு பக்கம் ஒட்டியபடியே பிரித்தெடுத்த திசுவாக) தூக்கி, மேலே நகர்த்திப் பொருத்துவார்கள்.

டீப் பிளேன் என்பது 1990-இல் ஹாம்ரா என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறை. இதில் காதுக்கு முன்னால் சில சென்டிமீட்டர் வரைதான் தோல் தனியாகப் பிரிக்கப்படும். கண்ணின் வெளிக்கோணத்திலிருந்து தாடைக் கோணம் வரை செல்லும் கோட்டை ஒட்டி ஸ்மாஸுக்கு அடியில் நுழைந்து, கன்ன எலும்பு நார்களையும் மெல்லும் தசை நார்களையும் விடுவிப்பார்கள். பிறகு தோல், கொழுப்பு, ஸ்மாஸ் மூன்றும் ஒரே கனமான மடலாக மேலேறும். நார்களை விடுவிக்காமல் இழுத்தால் கன்னத்தின் நடுப்பகுதி நகராது, காதோரம் மட்டுமே இறுகும். மடல் கனமாக இருப்பதால் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் நரம்புக் கிளைகளுக்கு மிக அருகில் வேலை செய்ய வேண்டும்.

அப்படியானால் டீப் பிளேன்தான் எப்போதும் சிறந்ததா? இல்லை. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே முகத்தின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு முறைகளைச் செய்து பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பின் கண்டுபிடிக்கும்படியான வேறுபாடு இல்லை. எங்கள் கருத்தும் அதை ஒட்டியதே: அறுவை மருத்துவர் எந்த முறையை அடிக்கடி செய்து கைதேர்ந்திருக்கிறார் என்பதற்குத்தான் எடை அதிகம்.

[காட்சி: காதைச் சுற்றிய கீறல் கோடு]

கீறல் நெற்றிப்பொட்டு முடியோரம் தொடங்கி, காதின் முன் இறங்கி, காதுமடலைச் சுற்றி, காதின் பின்மடிப்பில் ஏறி, பிடரி முடிக்குள் முடியும். பெண்களுக்குக் காதுத்துளையின் முன்னுள்ள சிறு குருத்தெலும்பின் பின்விளிம்பில் ஒளித்துவைக்கலாம். ஆண்களுக்கு அப்படிச் செய்தால் தாடி முளைக்கும் தோல் அந்தக் குருத்தெலும்பின் மேல் வந்துவிடும். அதனால் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே கீறுவார்கள். கழுத்தில் தசைப் பட்டைகள் புடைத்திருந்தால், மோவாய்க்கு அடியில் சுமார் 3 செ.மீ. கீறி, பிளாட்டிஸ்மாவின் இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். அங்கே கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்தால் மோவாய்க்கு அடியில் குழி விழும். அதைச் சரிசெய்வது கடினம்.

இனி, என்ன தவறலாம் என்று பார்ப்போம். அதிகம் வருவது தோலுக்கு அடியில் ரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஆண்களுக்குக் கூடுதலாக வரும். மரத்துப்போகச் செலுத்திய ஊசியில் உள்ள அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதன் வேகம் குறையும்போது குழாய்கள் விரியும். அந்த நேரத்தில் வலி, வாந்தி, இருமல் ஆகியவற்றால் ரத்த அழுத்தமும் ஏறினால் கசிவு தொடங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் காலை வரை காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரை அழையுங்கள். தேங்கிய ரத்தத்தை வெளியேற்றத் தாமதித்தால், மேலே உள்ள தோல் ரத்த ஓட்டமின்றி அழுகலாம்.

தோல் அழுகுவதற்கு இன்னொரு பெரிய காரணம் புகைபிடித்தல். நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. பிரித்துத் தூக்கிய தோல் மடலின் கடைக்கோடியான காதின் பின்புறம்தான் முதலில் கறுக்கும். அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் சூயிங்கமும் இ-சிகரெட்டும் இந்தக் கணக்கில் சேரும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நரம்புகளில் அதிகம் காயப்படுவது காதுமடலுக்கு உணர்வு தரும் நரம்பு. காதுத்துளைக்கு சுமார் 6.5 செ.மீ. கீழே, கழுத்தின் பக்கத் தசையின் மேல் அது தோலுக்கு நெருக்கமாக ஓடுகிறது. புருவத்தையும் கீழுதட்டையும் அசைக்கும் கிளைகள் பாதிக்கப்படுவது அரிது. பாதித்தாலும் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும். நிரந்தரமாக நிற்பதும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்திட வேண்டும்.

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளை வழக்கமாக 1 முதல் 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தவே கூடாது.

வாயைச் சுற்றிய நுண்கோடுகள், கரும்புள்ளிகள், கண்ணிமைத் தொய்வு ஆகியவை ஃபேஸ்லிஃப்டால் போகாது. அவற்றுக்கு லேசர், இமை அறுவை என்று வேறு வழிகள் உண்டு. வற்றிய கன்னத்துக்குச் சொந்தக் கொழுப்பை எடுத்து ஊசியால் நிரப்பலாம். ஆனால் நிரப்பியதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடும்.

[காட்சி: நாள்வாரி வரைபடம்]

தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வடிக்கும் டிரெயின் குழாய் வைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுப்பார்கள். காதின் முன் தையல் 5 முதல் 7 நாளில் பிரிக்கப்படும். பின்புறம் சில நாள் கூடும். தலையை உயர்த்திப் படுங்கள். இரண்டு வாரம் குனிந்து எடை தூக்காதீர்கள். ரத்தக்கன்றல் 2 வாரத்தில் பெரும்பாலும் மறையும். தழும்பு வெளுக்க ஓராண்டுகூட ஆகலாம். கன்னமும் காதும் சில மாதம் மரத்திருக்கும். அதுவரை சூடான ஒத்தடமும், ஹேர் டிரையரின் உச்ச வெப்பமும் வேண்டாம். சுடுவது தெரியாமலேயே தோல் வெந்துபோகும்.