எக்ஸர்சைஸ் சயின்ஸ் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? ஆஸ்திரேலியாவில் இந்தப் படிப்பு

வணக்கம். மெல்போர்னிலோ சிட்னியிலோ ஸ்கூல் முடிக்கப்போகிற பிள்ளை "நான் எக்ஸர்சைஸ் சயின்ஸ் (உடற்பயிற்சி அறிவியல்) எடுக்கப்போறேன்" என்று சொன்னால், நம்ம வீடுகளில் வரும் முதல் கேள்வி, "ஜிம்முல நிக்கிறதுக்கா யுனிவர்சிட்டி?" என்பதுதான். ஜிம் ட்ரெய்னர் ஆவதற்கு இங்கே டிகிரியே வேண்டாம், சர்டிபிகேட் படிப்பு போதும். இது வேறு படிப்பு. ஒரு உடம்புக்கு எந்தப் பயிற்சியை எவ்வளவு கொடுக்கலாம், எப்போது கொடுக்கவே கூடாது என்பதை அளந்து முடிவு செய்யக் கற்றுத்தருகிறார்கள்.

[திரையில்: ட்ரெட்மில், மாஸ்க் போட்ட மாணவர்]

லேபில் நடப்பதைப் பாருங்கள். வகுப்புத் தோழர் ஒருவர் ட்ரெட்மில்லில் ஏறுகிறார், மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய் மூச்சுக்காற்றை அளக்கும் மெஷினுக்குப் போகிறது. ப்ரூஸ் முறை என்ற ட்ரெட்மில் சோதனை என்றால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். மாஸ்க் இருப்பதால் அவரால் பேச முடியாது. அதனால் 6 முதல் 20 வரை எண் போட்ட ஒரு அட்டையை முகத்துக்கு நேரே பிடிக்கிறோம், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுகிறார். போர்க் ஸ்கேல் என்று பெயர். ஏன் 6-இல் தொடங்குகிறது தெரியுமா? அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத் துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும், அதற்காகத்தான்.

சரி, இதயத் துடிப்பைத்தான் வாட்ச்சே காட்டுகிறதே, அட்டை எதற்கு? மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் "220-இலிருந்து வயதைக் கழி" என்ற கணக்கை அவரிடம் போட்டால் தப்பாகிவிடும், அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது வாட்ச் 105 என்று சாதாரணமாகக் காட்டலாம். அப்போது அந்த அட்டையும், அவர் முகத்தைப் படிக்கத் தெரிந்த உங்கள் கண்ணும்தான் உதவும். இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

உடற்கூறு, உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், கொஞ்சம் உளவியல், கொஞ்சம் புள்ளியியல் எல்லாம் பாடத்தில் உண்டு. கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் பிடிக்காது, விளையாட்டு மட்டும்தான் பிடிக்கும் என்றால் முதல் வருஷமே திணறும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

[திரையில்: மூன்று வருஷம், நான்கு வருஷம்]

இப்போது வேலை. இந்தத் துறைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு அமைப்பு இருக்கிறது, எக்ஸர்சைஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் ஆஸ்திரேலியா, சுருக்கமாக எஸ்ஸா (ESSA). அது அங்கீகரித்த மூன்று வருஷப் படிப்பை, குறைந்தது 140 மணி நேரம் பிளேஸ்மென்ட்டோடு (வேலை இடத்தில் நேரடிப் பயிற்சி) முடித்தால் எக்ஸர்சைஸ் சயின்டிஸ்ட் ஆகலாம். ஆரோக்கியமாக இருப்பவர்களோடுதான் பெரும்பாலும் வேலை: கவுன்சில் ஜிம், கம்பெனிகளின் ஊழியர் நலத் திட்டம், விளையாட்டு கிளப். உண்மையைச் சொன்னால், இந்த மூன்று வருஷத்தோடு நிறுத்திவிட்டு நல்ல நிரந்தர வேலை தேடுவது சுலபமில்லை.

நாலாவது வருஷமும் படித்து, இன்னும் 360 மணி நேரம் கிளினிக்கல் பிளேஸ்மென்ட் முடித்தால் எக்ஸர்சைஸ் பிசியாலஜிஸ்ட். கதவு திறப்பது இங்கேதான். சர்க்கரை, இதய நோய், மூட்டுவாதம், புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்கள், வேலையில் அடிபட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் வருவார்கள். நாட்பட்ட நோய்க்கு ஜிபி (குடும்ப டாக்டர்) திட்டம் எழுதிக்கொடுத்தால் வருஷத்துக்கு ஐந்து முறை வரை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தரும் (பிசியோ, டயட்டீஷியன் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஐந்து). டைப் 2 சர்க்கரைக்குக் குழு வகுப்புகள் தனி.

நம்ம ஆட்கள் இதில் இன்னும் நிறைய வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. தெற்காசியர்களுக்குச் சர்க்கரை சின்ன வயதிலேயே, அவ்வளவு எடை இல்லாதபோதே வருகிறது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இதை சிட்னியின் வென்ட்வர்த்வில்லில் இருக்கும் ஒரு பாட்டிக்குத் தமிழில் சொல்லி, "சாப்பிட்ட அப்புறம் பத்து நிமிஷம் நடங்கம்மா, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கம்மா" என்று கூடவே நின்று செய்யவைக்கிற ஆளுக்கு எவ்வளவு மதிப்பு! மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னால் அந்த நெருக்கம் வராது.

விளையாட்டு அணிகள் பக்கம் போக ஆசையா? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தங்கம்கூட வரவில்லை, அந்த அடியில்தான் 1981-இல் கான்பராவில் ஏஐஎஸ் (ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம்) தொடங்கினார்கள், அதிலிருந்து விளையாட்டு அறிவியல் இங்கே வேர் பிடித்தது. இன்று ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) வீரர்கள் முதுகில் ஜிபிஎஸ் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், அந்த எண்களைப் பார்த்து யாருக்கு ஓய்வு என்று யோசிப்பதற்குத் தனியாக ஆள் இருக்கிறார். ஆனால் இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம், பலரும் சம்பளமில்லாமல்தான் தொடங்குகிறார்கள், மேல்படிப்பும் கேட்பார்கள்.

இதைப் படித்துவிட்டு பிசியோதெரபி மாஸ்டர்ஸ், டயட்டெடிக்ஸ், ஆசிரியர் பயிற்சி என்று திரும்புகிறவர்களும் நிறைய. ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: எக்ஸர்சைஸ் பிசியாலஜிஸ்ட் வேறு, பிசியோதெரபிஸ்ட் வேறு. பிசியோவுக்கு ஆப்ரா (மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு வேண்டும், இந்த டிகிரியை வைத்து அதை வாங்க முடியாது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் எஸ்ஸா தளத்தில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா, எந்த நிலைக்கு இருக்கிறது என்று பாருங்கள். யுனிவர்சிட்டியைப் பார்வையிடும் ஓப்பன் டேக்குப் போனால் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வராமல், மூன்றாம் வருஷ மாணவர் ஒருவரைப் பிடித்து, "பிளேஸ்மென்ட் யுனிவர்சிட்டியே வாங்கித் தருதா, நீங்களே அலைஞ்சு தேடணுமா?" என்று கேளுங்கள்.