நூலைச் சுற்றித் தர மூன்று பவுண்டா? | ஏவ்பரியில் இலையுதிர்காலப் பின்னல்

எல்லோருக்கும் வணக்கம். காற்று இரைகிறது, மைக்குக்கு உறை மாட்டியும் பயனில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கும் கற்களைப் பார்த்ததுமே இடத்தைக் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், மறுபடியும் ஏவ்பரிதான், இங்கிலாந்தில் பழங்காலக் கல்வட்டம் இருக்கும் ஊர். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கு எப்போது போவாய் என்று கேட்பவர்களே, போக மாட்டேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு தள்ளி நின்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. பகலும் இரவும் சமமாகும் நாளின் விடியலில் கற்களுக்கு நடுவே இலவசமாக விடுகிறார்கள், தெரியும். அந்த நெரிசலில் பின்னல் ஊசியை நீட்ட இடமிருக்காது. இங்கே கல்லில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். பக்கத்தில் ஆடு மேயும். யாரும் விரட்டுவதில்லை.

முதலில் அந்த மூன்று பவுண்டைப் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறெதுவும் வாயில் வராது. இந்தப் பருவத்துக்குக் கையுறை பின்னப்போவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? அதற்கு மஞ்சிட்டி வேரில் சாயமேற்றிய கம்பளி நூல், நூறு கிராம் சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டு, 22 பவுண்டு. அதில் எனக்கு வருத்தமே இல்லை. படிகாரத்தில் ஊறவைத்து, சூடு ஏறிவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். கொதித்தால் சிவப்பு போய்ப் பழுப்பு வந்துவிடும். உழைப்புக்குக் காசு கொடுத்தேன். சிட்டத்தை உருண்டையாகச் சுற்றித் தருகிறீர்களா என்று கேட்டேன் பாருங்கள், அதற்கு மூன்று பவுண்டாம்! சுற்றும் கருவி மேசையில் என் கண்ணெதிரே இருக்கிறது. கைப்பிடியைச் சில நிமிடம் சுழற்ற வேண்டும், அவ்வளவுதான். சிட்டத்திலிருந்து நேரே பின்னினால் சிக்கிக்கொள்ளும் என்பது விற்பவருக்குத் தெரியாதா? செருப்பை விற்றுவிட்டு வார் மாட்டத் தனிக்காசு கேட்பதைப் போல இருக்கிறது. வேண்டாம் என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இந்த நாட்டு விவசாயிக்கோ ஆட்டு ரோமத்தை விற்றால் கத்தரிக்கும் கூலிகூடத் தேறாத ஆண்டுகள் உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்விண்டனிலிருந்து பஸ் இருக்கிறது, வழி கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்குள்ளேயே இறங்கலாம். கல்வட்டத்துக்குள்தான் ஊரின் ஒரு பகுதியே இருக்கிறது, மதுக்கடை உட்பட.

சென்ற வீடியோவுக்குக் கீழே ஒருவர், "துருயிட் காலத்துப் புராதனப் பின்னல் கலை" என்று உருகியிருந்தார். துருயிட் என்றால் பழங்காலக் கெல்டிக் பூசாரிகள். அன்புக்கு நன்றி, ஆனால் இல்லை. இந்தக் கற்களை நட்டது ஏறத்தாழ கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையில். அந்தக் காலத்து ஆடுகளுக்கு முடிதான் இருந்தது, நூற்கத் தகுந்த கம்பளி பிற்பாடு வந்தது. ஊசிப் பின்னலோ அதற்கும் மிக மிகப் பின்னால், எகிப்தில் கிடைத்த காலுறைத் துண்டுகளே மிகப் பழையவை. பகலும் இரவும் சமமாகும் நாளில் வரும் இந்த இலையுதிர்காலப் பண்டிகையை "மாபன்" என்கிறார்களே, அந்தப் பெயரை வேல்ஸ் நாட்டுக் கதையிலிருந்து எடுத்து வைத்தவர் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர், 1970களில்! எட்டுப் பண்டிகைகள் கொண்ட வருடச் சக்கரத்தையே 1950களில்தான் இங்கிலாந்தில் கோத்தார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு அது குறையாகவே படவில்லை. விளைந்ததைப் பகிர்ந்து உண்ண ஒரு நாள் வேண்டும், யார் எப்போது தொடங்கினால் என்ன?

இன்றைக்கும் வெள்ளை அங்கி அணிந்த துருயிட்டுகள், அதாவது அந்தப் பெயரில் இன்று வழிபடுகிறவர்கள், வந்திருந்தார்கள். நான்கு திசைக்கும் அமைதி வேண்டிவிட்டு ரொட்டியும் ஆப்பிளும் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அப்போதுதான் என் சிட்டத்தைப் பார்த்த ஒரு பாட்டி தானாகவே இரண்டு கையையும் நீட்டினார். அவர் பிடித்துக்கொள்ள, நான் உருண்டை சுற்ற, ஒரு சிக்குகூட இல்லை. மூன்று பவுண்டு மிச்சம்! இதோ பாருங்கள், எவ்வளவு உருண்டையாக வந்திருக்கிறது. கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். கருவியில் சுற்றியது இப்படி மெத்தென்று இருக்காது.

நிறத்தைச் சொல்லவே இல்லையே! செங்கல் சிவப்பு. கேமராவில் ஆரஞ்சாகத் தெரிகிறது, நம்பாதீர்கள்.

கிழக்குப் பக்கத்து பீச் மரங்களில் ரிப்பன் கட்டும் வழக்கத்தை முன்பே காட்டியிருக்கிறேன். வேண்டிக்கொண்டு கட்டுங்கள், நல்லது. ஆனால் பாலியெஸ்டர் ரிப்பன் எதற்கு? அது மக்காது, கிளை பருக்கும்போது இறுக்கும். கம்பளி நூல் துண்டு கட்டுங்கள், தானே உதிர்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் வெஸ்ட் கென்னட் நெடுங்கல்லறைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்கும் இதே திட்டு. அது கி.மு. 3650 வாக்கில் கட்டியது, உங்கள் வர்த்திப் புகைக்காகக் காத்திருக்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1938இல் அலெக்சாண்டர் கீல்லர் என்ற தொல்லியலாளர் இங்கே புதைந்திருந்த கற்களை நிமிர்த்தியபோது ஒரு கல்லடியில் மனித எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நாணயங்களும் ஒரு கத்தரிக்கோலும். நாவிதராகவோ வைத்தியராகவோ இருக்கலாம் என்றார்கள். எனக்கோ தையல்காரராக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

சரி, மணிக்கட்டுப் பட்டை முடிந்தது. கட்டைவிரலுக்குக் கண்ணிகளைத் தனி நூலில் நிறுத்திவைப்பேன். அந்தப் பகுதி அடுத்த வீடியோவில், அக்டோபர் 31க்கு முன்பே போட்டுவிடுகிறேன். மழை தூறுகிறது, கேமராவை மூடுகிறேன்.