முகவரியைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள்

(நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியரிடம் நவம்பர் 25 அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடைக்கு வருவதற்கு முன்னால் உங்கள் தோழிகள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "மேடம், உங்க இல்லத்துக்கு நாங்க அறுபது பேர் ஊர்வலமா வர்றோம், பேனர் அடிச்சாச்சு, வாசல்ல நின்னு ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறோம்" என்றார்கள். அவர்கள் முகத்திலிருந்த ஆர்வத்தைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்கள் பிள்ளைகளோடு மறைவாகத் தங்கும் இல்லம் எங்களுடையது. ஊர்வலம் வேண்டாம், போட்டோ வேண்டாம், பேனரில் எங்கள் தெருப் பெயரும் வேண்டாம். ஆனால் நீங்கள் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அரிசி, எண்ணெய், குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒரு பையன் முற்றத்தில் நின்று செல்ஃபி எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். பின்னால் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் பக்கவாட்டில் அதில் விழுந்திருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கணவர் எங்கள் தெருமுனை டீக்கடையில் நிற்கிறார். அன்று இரவே அந்தப் பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் வேறு மாவட்டத்துக்கு அனுப்பினோம். பெரியவளுக்கு மறுநாள் அரையாண்டுக் கணக்குத் தேர்வு, அதற்காக எடுத்துவைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸ் எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வாசலிலேயே போன்களை வாங்கி வைத்திருக்க வேண்டியது நாங்கள்தான்.

ஒரு பெண் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் வரைக்கும் ஒரு விதமான ஆபத்து, அவள் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்த அன்றைக்கு வருகிற ஆபத்து வேறு. "என்னை விட்டுட்டுப் போயிட்டாளா" என்ற ஒரு எண்ணம் போதும், அதுவரை கையால் அடித்தவன் அரிவாளைத் தேடுவான், மண்ணெண்ணெயைத் தேடுவான். அதனால்தான் எங்கள் கட்டிடத்தில் பெயர்ப்பலகை கிடையாது, தபால்காரருக்குக்கூட அது வெறும் வீடுதான்.

இப்படிக் கதவைத் திறந்துவிடுவது நம் ஊருக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். 1930ல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் தங்க இடமில்லாமல் வந்து நின்றபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார், அப்படித்தான் அவ்வை இல்லம் உண்டானது. லண்டனில் எரின் பிட்சி என்ற பெண்மணி 1971ல் சிஸ்விக்கில் ஒரு சின்ன வீட்டில் அடிபட்ட மனைவிகளுக்கு இடம் கொடுத்ததைப் பற்றி நிறையப் படிப்பீர்கள், படியுங்கள். ஆனால் நம் சென்னை அடையாறில் இருக்கும் அவ்வை இல்லத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டும் வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் இருப்பது, நாள் முழுக்கக் கேவலமாகப் பேசுவது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது எல்லாமே அதற்குள் வரும். பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவர் சார்பாக, இதற்கென்று அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் காப்பகம் இடம் கொடுக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று 17ஆம் பிரிவு. மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். நடைமுறையில் அந்த 60 நாள் எப்படி இழுக்கும் என்பதை எங்களிடம் தங்கியவர்கள் எண்ணி எண்ணிச் சொல்வார்கள், அது தனிக் கதை.

சட்டம் இருந்தும் பெண்கள் ஏன் வெளியே வருவதில்லை? தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21ல் கேட்டபோது தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள், நாட்டுச் சராசரி 29தான். நூற்றுக்கு 38 என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்களில் பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை, பக்கத்து அறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டு டிவியின் ஒலியைக் கூட்டிய பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. பேச வேண்டும் போலிருந்தால் இன்று மதியம் வரை நான் இங்கேதான் இருப்பேன்.

வராததற்குக் காரணம், எங்கே போவது என்று தெரியாததுதான். அம்மா வீட்டுக்குப் போனால் "அனுசரிச்சுப் போ", "அடிக்கிற கைதான் அணைக்கும்", தங்கச்சி கல்யாணம் முடியட்டும். இரண்டு நாள் வைத்திருந்து பஞ்சாயத்துப் பேசி அதே வீட்டில் கொண்டு விடுவார்கள். மூன்று முறை எங்களிடம் வந்து மூன்று முறையும் திரும்பிப் போன ஒரு அக்கா நான்காவது முறை வந்து நிலைத்தார், இப்போது தையல் கடை வைத்திருக்கிறார். ஏன் திரும்பிப் போனாய் என்று ஒருபோதும் அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நான்காவது முறை வந்திருக்க மாட்டார்.

சரி, உங்களுக்கு வேலை என்ன? எங்கள் முகவரியை மறைத்துவிட்டு 181 என்ற எண்ணை ஊரெல்லாம் கொண்டு போவதுதான். மகளிர் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதில் கூப்பிட்டால் மாவட்டத்திலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள், அங்கே சிகிச்சை, போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில், ஐந்து நாள் வரை தங்கவும் முடியும், அதற்கு மேல் தேவைப்பட்டால்தான் எங்களைப் போன்ற இல்லங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. 181 என்ற எண்ணைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டு பஸ் ஸ்டாண்டில் ஒட்டினால், அடிபடும் பெண் பக்கத்தில் கணவன் நிற்கும்போது அண்ணாந்து பார்க்கக்கூட மாட்டாள். ஸ்டிக்கராகப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அரசு மருத்துவமனை, துணிக்கடை, பஸ் ஸ்டாண்ட், கல்யாண மண்டபம், எங்கே அனுமதி கிடைக்கிறதோ அங்கே. அவள் தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் ஒரே இடம் அதுதான். துண்டுச் சீட்டு கொடுக்காதீர்கள், பர்ஸைக் குடைந்து பார்ப்பவர்கள் உண்டு. மூன்றே இலக்கம், முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் 181, மனசில் நிற்கும். பேசி முடித்ததும் போனில் அழைப்புப் பட்டியலை அழித்துவிடச் சொல்லி ஸ்டிக்கரிலேயே ஒரு வரி சேருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதுங்கள், கையில் பத்து ரூபாய் இல்லாததால் அந்த இரவு கிளம்பாமல் இருந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் பொருள். பழைய புடவை மூட்டை மூட்டையாக வருகிறது, அதை நாங்கள் குறை சொல்லவில்லை, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவர் செருப்பில்லாமல் வருகிறார், மாற்று உள்ளாடை இல்லாமல் வருகிறார். புது உள்ளாடை, நைட்டி, ரப்பர் செருப்பு, நாப்கின், குழந்தைக்குப் பால் பவுடர், எந்த போனுக்கும் பொருந்துகிற சார்ஜர். காசாகக் கொடுப்பதானால் மாசம் ஐம்பது ரூபாய் வீதம் விடாமல் கொடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை மேடையில் கொடுக்கும் பெரிய செக் டிசம்பரிலேயே தீர்ந்துவிடும், ராத்திரி ஆட்டோ வாடகையும் கோர்ட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கும் செலவும் மாசாமாசம் வரும்.

பி.எட். படிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். உங்களை நான் விடப்போவதில்லை. அம்மாவோடு ஓடி வரும் பிள்ளையிடம் டி.சி. இருக்காது, டி.சி. வாங்கப் போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டம் 2009ன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது, ஆனால் தலைமையாசிரியரிடம் போய் அதை மெதுவாக, மரியாதையாக எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சட்டம் படிக்கிறவர்கள் மனு எழுத உதவலாம், எந்த வருமானமாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100.

பையன்களுக்கு ஒன்று. உன் நண்பன் தன் காதலியின் போன் பாஸ்வேர்டை வாங்கி வைத்திருக்கிறான், அவள் யாரிடம் பேசினாள் என்று தினமும் கேட்கிறான் என்றால் அங்கேயே அவனை நிறுத்து. பத்து வருடம் கழித்து அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நிற்கும்போது நான் கேட்கும் கதைகள் அநேகமாக அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

மூன்று ஸ்டிக்கர் மாதிரிகளை மேசை மேல் வைத்திருக்கிறேன். எழுத்து சின்னதாகத் தெரிகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள், விளக்கு மங்கலான கழிப்பறையிலும் படிக்க முடிய வேண்டும். பேனர் அடித்த துணி வீணாக வேண்டாம், பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அதில் 181 எழுதுங்கள், பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன்.