"தனியே திரிந்தேன்" என்றார், ஆனால் பக்கத்தில் தங்கை இருந்தார்: டாஃபோடில்ஸ் கவிதை உருவான கதை

[திரையில்: ஏரிக்கரை, காற்றில் ஆடும் மஞ்சள் பூக்கள்]

"மேகம்போலத் தனியே திரிந்தேன்." பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் இந்தக் கவிதையை உங்களில் பலர் மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்பீர்கள். எழுதியவர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். அந்த முதல் வரியில் ஒரு சொல் நடந்த கதையோடு ஒத்துப்போகவில்லை. "தனியே" என்ற சொல்தான் அது. அன்று அவர் தனியாக இல்லை. தங்கை டோரதி கூடவே நடந்து வந்தார். அன்று பார்த்த பூக்களைப் பற்றி டைரியில் எழுதியும் வைத்தார். அந்த டைரி இன்றும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கவிதையிலேயே சிறந்த இரண்டு வரிகளை எழுதியது வில்லியம் இல்லை. இதைச் சொன்னவரும் வில்லியம்தான். அப்படியானால் யார் எழுதியது? வருகிறேன், இருங்கள்.

முதலில் பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். வில்லியம் பிறந்தது 1770 ஏப்ரல் 7, வடமேற்கு இங்கிலாந்தில் காக்கர்மவுத் என்ற ஊரில். டோரதி அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார். 1778-இல் அம்மா இறந்ததும், ஆறு வயது டோரதியை ஹாலிஃபாக்ஸில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் மறுபடி சந்திக்க 9 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அப்பாவும் போய்விட்டார். 1798-இல் வில்லியமும் நண்பர் கோல்ரிட்ஜும் சேர்ந்து 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டு, சாதாரண மக்களின் பேச்சிலேயே கவிதை எழுதலாம் என்று காட்டினார்கள். 1799 டிசம்பரில் அண்ணனும் தங்கையும் கிராஸ்மியர் என்ற சிற்றூரில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். பின்னணி அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு மே மாதம் வில்லியம் வெளியூர் போனபோது டோரதி ஒரு டைரி தொடங்கினார். அண்ணன் திரும்பி வந்து படித்தால் சந்தோஷப்படுவார் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். அதாவது முதல் நாளிலிருந்தே அது அண்ணன் படிப்பதற்காக எழுதிய டைரி.

சரி, இப்போது 1802 ஏப்ரல் 15. அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய தாமஸ் கிளார்க்சனின் வீட்டிலிருந்து இருவரும் கிளம்புகிறார்கள். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக நடை. காற்று மூச்சை அடைக்கிறது, திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மோசம். கோபாரோ பூங்காவுக்கு அப்பால் இருந்த காட்டுக்குள் வந்ததும் தண்ணீர் ஓரத்தில் சில டாஃபோடில் பூக்கள் கண்ணில் படுகின்றன. போகப்போக இன்னும், இன்னும். டோரதி எழுதியதன் சாரத்தைத் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

[திரையில்: டோரதியின் டைரி]

பாசி படர்ந்த கற்களுக்கு நடுவே அவை வளர்ந்திருந்தன. சில பூக்கள், களைத்துப் போனவர்கள் தலையணையில் சாய்வதுபோல, அந்தக் கற்களில் தலை சாய்த்திருந்தன. மற்றவை தள்ளாடின, ஆடின, ஏரிமேல் வந்த காற்றோடு சேர்ந்து சிரிப்பதுபோல இருந்தன.

எனக்கு இந்தத் தலையணைதான் உயிர். அண்ணனின் கவிதையில் இது இல்லை. அங்கே எல்லாப் பூக்களும் குதூகலமாக ஆடிக்கொண்டே இருக்கும். களைத்துப்போன பூவைத் தங்கை மட்டும்தான் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1804 வாக்கில், வில்லியம் கவிதை எழுதுகிறார். 1807-இல் அச்சாகிறது. இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

டைரியில் காற்று மூர்க்கமானது. கவிதையில் அது இளந்தென்றல். டைரியில் இரண்டு பேர், கவிதையில் ஒருவர். அப்புறம் அந்தப் பூக்களின் வரிசை. டோரதி அதை நாட்டுப்புறத்துச் சுங்கச் சாலையின் அகலத்தோடு ஒப்பிடுகிறார். கொஞ்சம் தள்ளிச் சில பூக்கள் உதிரியாக நிற்கின்றனவாம், ஆனாலும் அந்த ஒரே பரபரப்பான நெடுஞ்சாலையின் ஒருமை கெடவில்லையாம். சாலை, சாலை என்று அவர் மனம் அந்தப் படத்திலேயே நிற்கிறது. வில்லியம் என்ன செய்தார்? 1807-இல் இந்த இடத்தில் ஒன்றும் இல்லை. 1815-இல் மறுபதிப்பு வந்தபோது ஒரு புதுப் பத்தி சேர்த்தார். அதில் பூக்கள், பால்வீதியில் மின்னும் நட்சத்திரங்கள்போலத் தொடர்ந்து போகின்றன.

நம் மொழிச் சொல்லைப் பாருங்கள்: பால்வீதி. அதுவும் ஒரு வீதிதான்! தங்கை தரையில் பார்த்த சாலையை அண்ணன் வானத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஆங்கிலத்திலும் அந்தப் பெயரில் 'வழி' என்ற சொல் இருக்கிறது. வில்லியம் தெரிந்தேதான் செய்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு, அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு மண்சாலை தெரியாமல் என்னால் அந்தப் பத்தியைப் படிக்க முடிவதில்லை.

இது ஒருமுறை நடந்தது இல்லை. 1800-இல் இருவரும் சேர்ந்து ஒரு கூன் விழுந்த முதியவரைச் சந்தித்தார்கள். மருத்துவத்துக்காக அட்டைப்பூச்சி பிடித்து விற்பது அவர் தொழில். டோரதி விலையைக்கூட விடவில்லை: முன்பு 100 அட்டை இரண்டரை ஷில்லிங், இப்போது 30 ஷில்லிங், கிடைப்பதே அரிது. அதே முதியவர் வில்லியமின் ஒரு பெரிய கவிதைக்குள் வந்தார். அதிலும் கவிஞர் தனியாகத்தான் அவரைச் சந்திக்கிறார்!

அப்படியானால் அண்ணன் தங்கையின் எழுத்தைத் திருடினாரா? இணையத்தில் இப்படித் தலைப்பு வைப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1802 மார்ச்சில் நடந்த ஒரு சம்பவம் போதும். பிச்சைக்காரச் சிறுவர்களைப் பற்றி வில்லியம் ஒரு கவிதை எழுதத் திணறிக்கொண்டிருக்கிறார். உதவலாம் என்று டோரதி தன் டைரியில் அதே சிறுவர்களைப் பற்றி இருந்த பகுதியைப் படித்துக் காட்டுகிறார். விளைவு? அந்தச் சொற்களிலிருந்து தப்பிக்க முடியாமல் வில்லியமுக்கு அன்று கவிதையே வரவில்லை. எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். அவ்வளவு வலுவான உரைநடை அது. தங்கைக்குப் பட்ட கடன் வில்லியமுக்குத் தெரியாமலும் இல்லை. எனக்குக் கண்களைத் தந்தாள், காதுகளைத் தந்தாள் என்று வேறொரு கவிதையில் அவரே எழுதியிருக்கிறார். இதைவிடப் பெரிய நன்றியை ஒரு கவிஞரால் சொல்ல முடியுமா?

சரி, அந்த இரண்டு வரிகள். கடைசிப் பத்தியில் வருபவை. சும்மா படுத்திருக்கும்போது அந்தப் பூக்கள், தனிமையின் பேரின்பமான அகக்கண்ணில் பளிச்சிடுகின்றன என்று சொல்லும் வரிகள். அவற்றை எழுதியவர் மேரி, வில்லியமின் மனைவி. பூக்களைப் பார்த்த அந்த ஏப்ரலில் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அக்டோபர் 4-இல்தான் ஆனது. ஏரிக்கரையில் மேரி இல்லவே இல்லை. அன்றிரவு பாட்டர்டேல் விடுதியில் அண்ணனும் தங்கையும் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, வெந்நீர் கலந்த ரம் குடித்துவிட்டு, மேரியும் கூட இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கினார்கள். அதுவும் டைரியில் இருக்கிறது. அந்தப் பூக்களைப் பார்க்காத மேரிதான் 'அகக்கண்' என்ற சொல்லைக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இதே வரிகளைத்தான் 1817-இல் கோல்ரிட்ஜ் குறை சொன்னார். முழுதாக நன்றாக வாழ்ந்த ஒரு வாழ்க்கையின் நினைவுக்குத் தகுந்த சொற்கள் இவை, இதிலிருந்து பூக்களோடு மனம் ஆடுவதற்கு இறங்கினால் திடீரென்று சறுக்குகிறது என்பது அவர் கட்சி. பெரிய விமர்சகர்தான், ஆனால் இந்த இடத்தில் நான் மேரி பக்கம்.

வில்லியம் 1843-இல் அரசவைக் கவிஞர் ஆனார், 1850-இல் இறந்தார். டோரதிக்கு 1830-களில் நினைவு தடுமாறத் தொடங்கியது. அண்ணன் போன பிறகும் ஐந்து வருடம் இருந்து, 1855-இல் இறந்தார். எழுத்தாளர் என்று தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் எண்ணமே தனக்கு வெறுப்பு என்று ஒருமுறை தோழிக்கு எழுதியவர் அவர். ஸ்காட்லாந்துப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1874-இல்தான் அச்சானது. மேரி 1859 வரை வாழ்ந்தார்.

உங்களிடம் ஒரு கேள்வி. கல்லில் தலை சாய்த்த பூவா, பால்வீதியா, அகக்கண்ணா? மூன்று பேரில் உங்கள் ஓட்டு யாருக்கு என்று கமென்டில் எழுதுங்கள். என் ஓட்டு டோரதிக்கு, அந்தத் தலையணைக்காக.