பிள்ளை பார்க்க ஒரு ஆள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து அங்கன்வாடிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "மேடம், பிள்ளையைப் பார்த்துக்க நல்ல ஆள் இருந்தா சொல்லுங்களேன்." சொல்கிறேன், எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அதை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

இந்தக் கேள்வி எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம். தமிழக அரசு ஊழியர் என்றால் 2021 முதல் 12 மாதம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் எங்காவது பார்த்தீர்களா? சரி, அதை விடுங்கள். விடுப்பு முடிய நாலு நாள் இருக்கும்போது ஆள் தேடினால், கிடைத்தவரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வீட்டில் மாமியார் இருக்காங்களே, ஆள் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாமியாருக்கு மூட்டு வலி இருக்கும். ஓடுகிற பிள்ளையைத் துரத்த அவரால் முடியாது. கண்ணால் பார்த்துக்கொள்ள முடியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அரை நாள் வருகிற ஒரு பெண் போதும். குளிப்பாட்ட, ஊட்ட, தூக்கிக்கொண்டு உலாத்த அவர், பாட்டி திண்ணையில். இரண்டு பேருக்கும் பேச்சுத் துணையும் ஆயிற்று. பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டால் அங்கன்வாடி இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டு ஆள் எத்தனை மணி நேரம் தேவை என்று மறுபடி கணக்குப் போடுங்கள்.

ஆள் வைப்பது என்று முடிவாகிவிட்டது. இனி நான் எங்கே போனாலும் சொல்கிற ஒன்றைச் சொல்கிறேன், என் வீட்டிலேயே இதைக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். பிள்ளை பார்க்க வந்தவரிடம் பாத்திரத்தைத் தேய்க்கக் கொடுக்காதீர்கள்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீடு. கணவன் மனைவி இருவருக்கும் வேலை, ஒன்றரை வயதுப் பையன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவை வைத்தார்கள். பையன் அவரிடம் அப்படி ஒட்டிக்கொண்டான். முதலில் பையனின் பால் டம்ளரை மட்டும் கழுவினார். அப்புறம் காலைப் பாத்திரம். அப்புறம் வாசல் பெருக்கல், மாவு ஆட்டல், துணி உலர்த்தல். சம்பளம் மட்டும் அதேதான்.

அந்த வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால், அந்தப் பக்கம் தண்ணீர் வந்து சேர ஆனி ஆகிவிடும். அன்றைக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது. சாயங்காலம் வானம் கறுத்தது. பையனின் அம்மா ஆபீசிலிருந்து போன் பண்ணினார்: மாடியில் மிளகாய் காய்கிறது, நனைவதற்குள் எடுத்துவிடுங்கள். இவர் பையனைக் கூடத்தில் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். கொல்லைக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. நேற்றுவரை விளையாடிய இடம்தானே, பையன் நேராக அங்கேதான் நடந்தான். கீரைக் கட்டு அலச வந்த ஒரு ஆத்தா கரையிலேயே பிடித்துத் தூக்கிவிட்டார். கால்கூட நனையவில்லை.

ராத்திரி பையனின் அம்மாவிடமிருந்து எனக்குப் போன். "இவ்வளவு அஜாக்கிரதையான ஆள் வந்து வாய்ச்சிருக்காங்களே மேடம்!" மிளகாயை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கலாம்ல" என்றார். போட்டிருக்கலாம்தான். ஆனால் இரண்டு கை உள்ள ஒருவரிடம் பிள்ளையையும் கொடுத்து மிளகாயையும் கொடுத்தால் ஏதாவது ஒன்று நனையத்தான் செய்யும். வாய்க்கால் இல்லாத வீட்டில் இருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், தவழ்கிற குழந்தைக்குப் பாதி வாளித் தண்ணீரே ஆபத்து. வீட்டு வேலைக்குத் தனி ஆள் வையுங்கள். முடியாவிட்டால் பாத்திரம் சாயங்காலம்வரை கிடக்கட்டும். பிள்ளை பார்ப்பவருக்குப் பிள்ளையின் வேலை மட்டும்: அதன் சோறு, அதன் துணி, அதன் தூக்கம்.

யாரை வைப்பது? ஊர் அங்கன்வாடி பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் விசாரியுங்கள். எந்த வீட்டில் யார் எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஆளை உட்கார வைத்து, காபி கொடுத்து, "நீங்க வளர்த்ததிலேயே ரொம்பப் படுத்தின பிள்ளை எது?" என்று கேளுங்கள். வளர்த்தவர் அரை மணி நேரம் பேசுவார், அதிலேயே நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் வரச் சொல்லுங்கள்.

சின்னப் பெண்ணை, "தூரத்து உறவு, படிக்க வைக்கிறோம்" என்று கூட்டிவந்து பிள்ளை தூக்க வைப்பது இன்னும் ஒழியவில்லை. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைக்க 2006லேயே தடை வந்துவிட்டது. அப்படி எங்காவது பார்த்தால் 1098க்குச் சொல்லுங்கள்.

தனி டம்ளர் வைக்கிற வீடும் இன்னும் இருக்கிறது. அந்த அம்மா ஊட்டுகிற சோற்றைப் பிள்ளை தின்னலாம், அவர் குடித்த டம்ளர் மட்டும் அலமாரிக்குள் வரக் கூடாதாம்! எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சம்பளம், லீவு பற்றித்தான் நிறைய சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். நடவு சமயத்திலும் தை அறுப்பிலும் அந்த அம்மாவுக்கு வயலில் நாள் கூலி காத்திருக்கும், போகத்தான் பார்ப்பார். எந்த நாட்களில் வரமாட்டார், அப்போது பிள்ளையை யார் பார்ப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். வார லீவு கட்டாயம். கேமரா வைத்தால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். உங்களைக் கேட்காமல் இருமல் சிரப் கொடுக்கக் கூடாது, வயிற்றில் சிக்கியதை எடுக்கிறேன் என்று தொக்கம் எடுப்பவர்களிடம் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிய அவருக்கு உதவுங்கள், மாவட்டத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். விளக்கை அணைக்கப் போகிறார்கள், வணக்கம்.